கயிறு பிடிக்கிறவர்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, கடல் மீட்புப் பயிற்சி முடித்த தம்பிமார்களே,

சற்றுமுன் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்தீர்கள். எடுங்கள், குற்றமில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் நீந்துகிறவன்தான் நடுவில் நிற்கிறான். கயிறு பிடிக்கிறவனைக் காணோம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலில் சிக்கியவர்களைத் தேடிக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் தங்கள் படகிலேயே கிளம்பினார்கள். எங்கள் மீட்புக் குழு அந்தத் துக்கத்தில் பிறந்தது. முதலில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லிவிடுவோம். ஆனால், கப்பல் வரும்வரை தண்ணீரில் தத்தளிக்கிறவன் தாங்குவானா?

முத்துக்குளித்த காலத்தில் மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். அக்காள் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! எனக்குக் கயிறு பிடிப்பவரும் என் மைத்துனர்தான். வலைப் பங்குத் தகராறில் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. என் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் போனார். அது வேறு கதை.

ஓர் ஆனி மாதம், வெளியூர்ப் பையன் ஒருவன் அலை குறைவாகத் தெரிந்த இடத்தில் இறங்கிவிட்டான். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற வழி அது. அங்கேதான் இழுப்பு அதிகம். கரையை நோக்கி நேராக நீந்தி நீந்திக் களைத்துப் போயிருந்தான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தியிருந்தால் இழுப்பிலிருந்து விலகியிருப்பான்.

இடுப்பில் கயிறு, கையில் மூடி இறுக்கிய காலிக் கேன். நான் போய்க் கேனை அவன் மார்பில் தள்ளினேன். அவனோ என் கழுத்தைப் பிடித்தான். இருவரும் உள்ளே போனோம். ஒருமுறை சுண்டினால் 'விடு', இருமுறை சுண்டினால் 'இழு' என்பது எங்கள் கணக்கு. எனக்கு ஒருமுறைகூடச் சுண்ட முடியவில்லை. ஆனாலும் கயிறு இறுகியது. கரையில் பத்துப் பேர் இருந்தார்கள். முன்னால் நின்று இழுத்தவர் என் மைத்துனர். நான் கண் திறந்தபோது அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, மணல் ஒட்டியிருந்தது.

பையன் பிழைத்தான். டீக்கடையில் அவர் அந்தப் பெஞ்சில், நான் இந்தப் பெஞ்சில். கடைக்காரரிடம், "அந்தாளுக்குச் சீனி கூடப் போட்டுக் கொடு, உடம்பு நடுங்குகிறது" என்றார்.

இன்றைக்கும் பேச்சில்லை. அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்க்கமாட்டார்.