கல்லை உடைத்து மண் செய்தவர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னே பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அண்ணனுக்கும், இந்தக் குளிரிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் லண்டன் உறவுகளுக்கும் வணக்கம்.

"நத்தார் மேசையில் போர்ட் வைன் பெறும் பெருமை மண்ணுக்கு உரியதா, மனித உழைப்புக்கு உரியதா?" இதுதான் இன்றைய வழக்கு. போர்ட் என்பது போர்த்துக்கல் நாட்டு இனிப்பு வைன். நான் உழைப்பின் பக்கம் நிற்கிறேன்.

இந்தத் தலைப்பு நமக்குத் தூரத்துச் சொந்தமில்லை ஐயா. இலங்கையில் நாங்கள் கிறிஸ்துமஸுக்குச் சொல்லும் 'நத்தார்' போர்த்துக்கீசரின் 'நத்தால்'. நாம் சோறு வைத்துச் சாப்பிடும் மேசை அவர்களுடைய 'மேசா'. பீப்பாய் அவர்களுடைய 'பிப்பா'. போர்ட் வைன் பிறக்கும் டோரு பள்ளத்தாக்கில் இன்றும் வைனை அளப்பது அந்தப் பிப்பாவில்தான். ஒரு பிப்பா 550 லிட்டர். ஆக, வைன் நம் வீட்டுக்கு வந்ததோ இல்லையோ, அதைச் சுமந்த பீப்பாய் எப்போதோ நம் மொழிக்குள் உருண்டு வந்துவிட்டது.

இந்த அவையில் குடிக்காதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். என் அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இங்கே நான் குடிக்கச் சொல்லி வாதாட வரவில்லை. 11 வருடமாக இந்த ஊரில் ஒரு வைன் கடையில் வேலை செய்கிறேன். டிசம்பர் வந்தால் எங்கள் கடையில் வேறு எதையும்விட அதிகமாகப் போர்ட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். "இது நல்ல மண்ணில் விளைந்ததா?" என்று கேட்பார்கள். "யார் கையால் விளைந்தது?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

அண்ணன் என்ன சொன்னார்? வடக்குப் போர்த்துக்கலில் டோரு ஆற்றின் இரு கரையிலும் அடுக்கடுக்காகப் பிளக்கும் ஷிஸ்ட் பாறை இருக்கிறது. அட்லாண்டிக் மழையை மராவ் மலை தடுத்து நிறுத்துகிறது. கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டுகிறது. திராட்சை வேர் பாறையின் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கி ஈரம் தேடிக்கொள்கிறது. "அந்த மண் இல்லாமல் போர்ட் ஏது?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள்.

அவர் சொன்ன அத்தனையும் உண்மை. ஆனால் அண்ணே, அந்த மண்ணைச் செய்தது யார் என்று பார்த்தீர்களா?

டோரு சரிவுகளில் இயற்கை வைத்துவிட்டுப் போனது பாறை. அதன்மேல் மெல்லிய ஒரு போர்வை அளவுக்குத்தான் மண். கடப்பாரையும் பிக்காசும் பிடித்து, பிற்காலத்தில் வெடிமருந்தும் வைத்து, ஆளின் இடுப்பளவுக்கும் மேலே அந்தப் பாறையை உடைத்தார்கள். பெரிய கல்லைப் பொறுக்கிச் சாந்து பூசாமல் சுவர் எழுப்பினார்கள். சில்லுக் கல்லையும் கிடைத்த மண்ணையும் சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்பினார்கள். இப்படி மலைச் சரிவில் அமைத்த பழைய தோட்டப் படிகளில் ஒரு சுவருக்குப் பின்னால் ஒரு வரிசை, மிஞ்சினால் இரண்டு வரிசைக் கொடி. இரண்டு வரிசைக் கொடிக்காக ஒரு சுவர்! ஆற்றங்கரையிலிருந்து மலை உச்சி வரைக்கும் இப்படி எத்தனை சுவர் என்று அண்ணாந்து பாருங்கள். வடக்கே ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகள் தலைமுறை தலைமுறையாக இந்தச் சுவர்களைக் கட்டினார்கள். இன்றைக்கு மண்ணியல் அறிஞர்கள் டோருவின் மண்ணை மனிதன் ஆக்கிய மண் என்று தனி வகையிலேயே சேர்த்திருக்கிறார்கள். 2001-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தபோது இயற்கைச் சின்னம் என்று சேர்க்கவில்லை. பண்பாட்டு நிலக்காட்சி என்று சேர்த்தது.

எதிரணி தன் பெரிய சாட்சியாக மண்ணைக் கூண்டில் ஏற்றியது. அந்தச் சாட்சி எங்கள் பக்கத்து ஆள், ஐயா.

அண்ணன் 1756-ஐயும் சொன்னார். மார்க்கேஸ் த பொம்பால் என்ற அமைச்சர் அந்த ஆண்டில்தான் டோருவுக்கு எல்லை வகுக்கத் தொடங்கினார். கருங்கல் தூண்கள் நட்டு "இதற்குள் விளைந்தால்தான் ஏற்றுமதிக்குப் போகும்" என்றார். மண்ணின் பெருமைக்கு அரசே போட்ட முத்திரை அது என்று அண்ணன் வாதிட்டார். அந்த முத்திரை ஏன் தேவைப்பட்டது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். 1703-இல் இங்கிலாந்துக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே மெத்துவன் உடன்படிக்கை வந்தது. பிரெஞ்சு வைனுக்குப் போடும் வரியில் மூன்றில் இரண்டு பங்குதான் போர்த்துக்கீச வைனுக்கு என்று இங்கிலாந்து ஒத்துக்கொண்டது. வியாபாரம் பெருகியது. கூடவே கலப்படமும் பெருகியது. நிறம் ஏறுவதற்காக எல்டர்பெரிப் பழச்சாற்றைக் கலந்தார்கள். நம்பிக்கை கெட்டு விலை விழுந்தது. அப்போதும் அதே ஷிஸ்ட், அதே மராவ், அதே வெயில். மண் எங்கேயும் போய்விடவில்லையே! அது ஏன் போர்ட்டைக் காப்பாற்றவில்லை? எல்டர்பெரிச் செடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி, எல்லைக்கல் நட்டு, தரம் பார்க்க ஆள் வைத்த பிறகுதான் பெயர் மீண்டது.

இனி அறுவடைக்கு வருகிறேன். இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றச் சிவப்பு வைனுக்குத் தோலும் சாறும் ஒரு வாரம், இரண்டு வாரம் ஒன்றாகக் கிடந்து ஊற நேரம் இருக்கிறது. போர்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. பழத்தின் சர்க்கரையில் பாதி அளவு சாராயமாக மாறிக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழக்கமான கணக்கு 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். கூட்டினால் ஒரு பிப்பா. மீதிச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். போர்ட்டின் இனிப்பு அதுதான். அந்த நேரம் தப்பினால் அது போர்ட் ஆகாது. அதே தோட்டத்துப் பழத்தை முழுக்க நொதிக்க விட்டால் இனிப்பில்லாத சிவப்பு வைன் கிடைக்கும். அதுவும் அருமையான வைன்தான், ஆனால் வேறு வைன். ஒரே மண், இரண்டு வைன். எது எதுவாக வேண்டும் என்று முடிவெடுத்தது தொட்டி ஓரத்தில் தூங்காமல் நின்ற ஒரு மனிதன்.

ஆகவே தோலிலுள்ள நிறத்தையும் சத்தையும் இரண்டு மூன்று நாளுக்குள் இறக்கியாக வேண்டும். அதற்குத்தான் கால். 'லாகார்' என்று முழங்கால் ஆழக் கருங்கல் தொட்டி. பகல் முழுக்கப் பெண்கள் குலை அறுத்து, ஆண்கள் கூடை சுமந்து மலை இறங்கிய பிறகு, இரவில் தொட்டிக்குள் இறங்குவார்கள். வரிசையாக நின்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, ஒருவர் தாளம் சொல்ல, இடது வலது என்று அடி எடுத்து வைத்து மெதுவாக மிதித்துக்கொண்டே முன்னேறுவார்கள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இதற்குக் 'கோர்த்' என்று பெயர். அது முடிந்த பிறகுதான் 'விடுதலை' என்று சொல்லி வரிசை கலையும். அக்கார்டியன் எடுப்பார்கள், தொட்டிக்குள்ளேயே ஆட்டம் தொடங்கும். பார்க்கிறவர்கள் ஆட்டத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னே போன இரண்டு மணி நேரத்தை யாரும் படம் பிடிப்பதில்லை.

ஏன் கால்? பழத்தோல் கிழிய வேண்டும், உள்ளே இருக்கும் விதை உடையக் கூடாது. விதை உடைந்தால் கசப்பு ஏறும். அந்தப் பக்குவம் உள்ளங்காலுக்குத் தெரியும். பிற்காலத்தில் இதற்கு இயந்திரம் கண்டுபிடித்தார்கள். அந்த இயந்திரத்தைக்கூட மனிதக் கால் அழுத்துகிற மாதிரியே மேலும் கீழும் இறங்கி மிதிக்கும்படிதான் செய்ய வேண்டியிருந்தது.

என் அம்மா இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து பறித்தார். விடிய முன்னே லயத்தை விட்டு இறங்குவார். நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, காலில் அட்டை. அந்தத் தேயிலை பெட்டியில் ஏறி உலகம் சுற்றியது. பெட்டியின்மேல் என்ன எழுதியிருந்தது தெரியுமா? மலையின் உயரம், குளிர், பனி, மண்வளம். அம்மாவின் விரல் அதில் இல்லை. இலை தேய்த்துத் தேய்த்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல் அது. கடையில் போர்ட் போத்தலைத் துடைத்து அடுக்கும்போதெல்லாம் அந்த விரல்தான் எனக்கு ஞாபகம் வரும். மண் வாழ்க என்று எதிரணி சொல்லும்போது என்னால் கை தட்ட முடியவில்லை, அண்ணே. எங்கள் மலையையும் இப்படித்தான் புகழ்ந்தார்கள்.

வைன் ஆனதும் வேலை முடிந்ததா? மலையிலிருந்து கடல் வாசல்வரை ஆறுதான் பாதை. ரபேலோ என்ற தட்டையடிப் படகில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பாறை இடுக்கு, நீர்ச்சுழி எல்லாம் தாண்டி இறங்குவார்கள். திரும்பி வரும்போது கரையிலிருந்து மாடு கட்டி இழுக்க வேண்டும். அணைகள் கட்டி ஆறு அடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். டோருவை அளந்து வரைபடம் தந்த ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டரே 1861-இல் வலெய்ரா சுழியில் படகு கவிழ்ந்து மாண்டார். அதே படகில் இருந்து உயிர் தப்பியவர் டோருவின் பெரிய தோட்டக்காரி தோனா அன்தோனியா ஃபெரெய்ரா. அகன்ற பாவாடை மிதவையாகி அவரைக் கரை சேர்த்தது என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். பெயர் தெரிந்தவர்கள் இவர்கள். பெயர் தெரியாமல் அந்தச் சுழியில் போன படகோட்டிகளை யார் கணக்கெடுத்தார்கள்?

கடல் முகத்தில் விலா நோவா த கையா. அங்கே கிடங்குகளில் பீப்பாய்கள் உறங்கும். 'டோனி 20 வருடம்' என்று போத்தலில் பார்ப்பீர்கள். டோனி என்றால் பீப்பாயில் வைத்து முதிரவிட்ட போர்ட். அது ஒரே ஆண்டு வைன் இல்லை. பல ஆண்டுப் பீப்பாய்களை நாக்கில் வைத்துப் பார்த்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று சேர்த்து, இருபது வருடத்தின் குணம் வரும்வரை கலக்கிறார் ஒருவர். அவர் கையில் இருக்கும் பழைய வைன் அவருக்கு முன்னிருந்தவர் மிச்சம் வைத்தது. இவர் இன்று ஒதுக்கி வைப்பது இனி வரப்போகிறவருக்கு. இது மண்ணின் வேலையா?

எங்கள் நத்தார் மேசைக்கே வருவோம். இங்கே வெள்ளையர் வீடுகளில் சாப்பாடு முடிந்து நீலப் பூசணம் ஓடிய ஸ்டில்டன் சீஸ் வரும். போர்ட் இடது கைப்பக்கமாக ஆள் மாறி ஆள் போகும். ஒரே ஆண்டுப் பழத்தில் செய்து போத்தலிலேயே முதிரவிடும் 'விண்டேஜ்' போர்ட்டாக இருந்தால் முதல் நாளே நிமிர்த்தி வைக்க வேண்டும். பல வருடத்து வண்டல் அடியில் தங்கும். மறுநாள் கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, கை நடுங்காமல், வண்டல் வருமுன் நிறுத்தி வேறு குடுவைக்கு இறுத்து எடுப்பார்கள். யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைச் சங்கத் தமிழர் 'தேறல்' என்றார்கள். தேறியது, தெளிந்தது என்று பொருள். தானாகத் தெளிவதில்லை, பொறுமையாக ஒருவர் தெளிவிக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இன்னும் ஒரே ஒரு நிமிடம்.

1860களில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி டோருவுக்குள் நுழைந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு, வேரைத் தின்றது. மலை மலையாகக் கொடி செத்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மீட்டார்கள். ஒவ்வொரு ஒட்டும் கையால் போட்டது. ஆனால் எல்லாப் படிக்கும் ஆள் கிடைக்கவில்லை. பணம் இல்லாதவர்கள் கைவிட்டார்கள், ஊரைவிட்டே போனார்கள். அந்தப் படிகளை ஊர்மக்கள் 'மொர்த்தோரியு' என்கிறார்கள். செத்த நிலம். போர்ட்டோவிலிருந்து ரயில் ஏறி ஆற்றோரமாகப் பின்யாவுக்குப் போன நாளில் ஜன்னல் வழியே பார்த்தேன். பச்சைக் கொடிப் படிகளுக்கு நடுவே புதர் மூடிய படிகள். சுவர் இடிந்து கல் உருண்டு கிடக்கிறது.

பக்கத்துப் படியில் இருக்கும் அதே ஷிஸ்ட் அங்கேயும் இருக்கிறது. அதே மலை மழையைத் தடுக்கிறது. அதே வெயில் அடிக்கிறது. அண்ணன் எழுந்து வந்து சொல்லட்டும்: அந்தப் படிகளிலிருந்து 150 வருடமாக ஒரு கிளாஸ் போர்ட்கூட ஏன் வரவில்லை?

நன்றி, வணக்கம்.