ராஜரத்தினம் கையில் இருந்த மரம்

வணக்கம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்றால் யார் என்று காவிரிக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். நான் பிறப்பதற்குள் அவர் போய் ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் வாசித்த தோடி ராகத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிற மாமா விடியற்காலையில் முதல் இசைத்தட்டாக அதைத்தான் வைப்பார். வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருக்கும் எங்கள் ஆத்தா வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடும். எனக்குச் சங்கீத அறிவு வந்தது அப்படித்தான், வாசலில்.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற விஷயங்கள் உண்டு. குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தார், காதில் வைரக் கடுக்கன் போட்டார், வீதியில் நின்றபடி வாசிப்பவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நாயனக்காரர்களைப் பாட்டுக்காரர்களுக்குச் சமமாக மேடையில் உட்காரவைத்தார். அவ்வளவும் பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது அவர் கையில் இருந்த குழலைப் பற்றி.

அதற்கு முன்னால் இங்கே புழங்கியது திமிரி. குட்டையான குழல், நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்ச சுருதியில் பேசும். தேரடியில் வாசித்தால் நாலு வீதிக்கும் கேட்கும். சரி, தெருவுக்கு அது போதும். சின்ன வயதில் வாய்ப்பாட்டுப் பாடிப் பழகியவர் ராஜரத்தினம், அவருக்குப் பாடுகிற குரலைப் போல இறங்கிப் பேசுகிற குழல் வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. ச, ரி, க, ம என்று சொல்கிறோமே, அந்த ‘ம’வில் சுத்த மத்தியமம் என்று ஒன்று. தோடியில் வருவது அதுதான், சங்கராபரணத்திலும் அதுதான். பழைய குழலில் அது நேராகப் பேசாது, மூச்சாலும் விரலாலும் சமாளித்துக் கொண்டுவர வேண்டும். தோடிக்கென்றே பேர் வாங்கிய மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இதைத் தீர்த்து வைத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் போகிறவர்கள் அந்த நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள், திருவாவடுதுறைக்கும் அங்கேதான் இறங்க வேண்டும். ஒருவர் வாசிக்க, ஒருவர் கடைய, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஆசாரி குழலை நீட்டினார், துளைகளின் இடத்தையும் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் இரண்டு, இரண்டரைக் கட்டையில் கம்பீரமாக, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும் பாரி நாயனம் வந்தது. இன்று கல்யாணத்தில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் அந்தப் பாரிதான். சக்கரவர்த்தி பேர் எல்லோருக்கும் தெரிகிறது, ஆசாரி பேர் தெரிவதில்லை. முப்பது வருஷமாக இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன்: நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், எங்கள் தாத்தா வீட்டைப் பிரித்தபோது நடந்ததுதான் காரணம். குத்தாலம் பக்கம் ஓட்டு வீடு, ஆச்சா மரத்து உத்தரம். விறகுக் கடைக்காரர் விலை பேசிவிட்டார். அப்போது என் சித்தப்பா, நாயனம் செய்கிறவர்களுக்கு இந்த மரம்தானே உயிர், அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாடா என்றார். நரசிங்கம்பேட்டையிலிருந்து வந்து பார்த்த ஆசாரி ஒருவர் விரல் முட்டியால் உத்தரத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்று, இங்கே ஆணி இருக்கு தம்பி, இதை விட்டு வெட்டணும் என்றார். மேலே பார்த்தால் ஆணி தெரியவே இல்லை, அறுத்தபோது அங்கே இருந்தது. பச்சை மரத்தில் செய்தால் வெடித்துப்போகும், இப்படித் தலைமுறை கண்டு காய்ந்த ஆச்சாதான் வேண்டும் என்று சொன்னார்.

பத்து நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். கடைசலில் எங்கள் உத்தரம் சுற்றிக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்பாகச் சுருள் சுருளாக இழை விழுந்தது, தாத்தா வீட்டுச் சமையல்கட்டுப் புகை வாசம் அப்படியே வந்தது. துளை போட்ட பிறகு ஆசாரியே சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதுகிற தட்டையை, நாக்கில் நனைத்துக் குழலில் செருகி ஊதிப் பார்த்தார். ஒரே ஒரு சுரம்தான். காதில் சாய்த்து வாங்கிக்கொண்டு, மூன்றாவது துளையைக் கத்தி முனையால் நூலளவு சுரண்டினார். மறுபடி ஊதினார். மறுபடி சுரண்டினார். மத்தியானம் முழுக்க இதுதான் வேலை. ரங்கநாத ஆசாரி எத்தனை மத்தியானம் இப்படி உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் ஓட்டு வீடு பிரிப்பதே குறைந்துபோன காலத்தில் ஆச்சாவுக்கு எங்கே போவார்கள்? உங்கள் வீட்டில் பழைய உத்தரம் இருந்தால் விறகுக்குப் போடும் முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு ஆள் அனுப்புங்கள்.

சீவாளியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று வந்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைக் கொருக்கைத் தட்டையில் செய்வது. திருவாவடுதுறையில் அதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. அது இல்லாவிட்டால் சக்கரவர்த்தி கையில் இருப்பதும் வெறும் மரம்தான். குழலின் அடியில் விரிந்திருக்கிற அணசு வாகை மரத்தில் கடைவது. தவில் கட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.