பெயரின் கதைக்கு முன் ஏட்டைப் பாருங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, இளைய நண்பர்களே!

குமரி மாவட்டத்தில் அபூர்வமான பெயர் உள்ள வீட்டில் அதற்கொரு கதையும் இருக்கும். "பாட்டிக்குத் துரை வைத்த பேரு" என்பார்கள். முன்னோரைத் தேடும்போது அந்தக் கதையை எழுதி வையுங்கள். நம்புமுன் ஏட்டைப் பாருங்கள்.

நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்கள் பள்ளி 1819இல் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பியவர்கள், தாங்கள் ஆதரித்த பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை இடச் சொல்வதுண்டு. ஆகவே பாட்டியின் பெயரில் ஆங்கிலக் குடும்பப் பெயர் இருந்தால், அதை இரத்த உறவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் வருவதுதான் பெரிய சிக்கல். நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்று லாசரஸ் ஆனார், தமிழில் தேவசகாயம். சாதாரணக் குடும்பங்களிலும் இப்படித்தான். கோயில் (தேவாலயம்) ஏட்டில் யோவான், மலையாளப் பிரமாணத்தில் (பத்திரத்தில்) ஜோண், ரேஷன் கார்டில் ஜான்! மூவரையும் தனித்தனி ஆளாக எண்ணினால் தலைமுறையே கூடிவிடும். லத்தீன் ஏட்டில் தகப்பன் பெயரின் ஈறு மாறும்: 'யோவான்னெஸ்' என்பவரின் மகனுக்கு நேரே 'யோவான்னிஸ்' என்றிருக்கும். அது வேறு பெயர் அல்ல.

பள்ளிச் சான்றிதழிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அடுத்தது கோயில் ஏடு, பிறகு நிலப் பிரமாணம். 1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் பழைய பிரமாணங்களில் மலையாளமும் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி பிறப்பு முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால், ஆவணிக்குப் பிறந்தவர் ஓராண்டு இளையவராகிவிடுவார். சரிபார்க்க, 99ஆம் ஆண்டு வெள்ளத்தை வையுங்கள்: 1099 ஆடி, அதாவது 1924 ஜூலை.

நாஞ்சில் நாட்டு வேளாளர், நாயர் குடும்பங்களில் இன்னும் கவனம் வேண்டும். தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கள்வழியில், பிரமாணத்தில் முதலில் நிற்பவர் காரணவர், அதாவது குடும்பத் தலைவர். பெரும்பாலும் அவர் தாய்மாமன். அவரைத் தகப்பனாக்கினால் குடும்ப மரமே கோணலாகும்.

'விளை'யில் முடியும் வீட்டுப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். குடும்பம் இடம் மாறினால் வீட்டுப் பெயரும் மாறியிருக்கும். பிரமாணத்தில் நிலத்தின் நான்கு எல்கையிலும் (எல்லையிலும்) யார் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டுப் பிரமாணத்தில் உங்கள் தாத்தாவின் பெயர் எல்கையாக எழுதப்பட்டிருக்கக்கூடும். கண்டதை எழுத்துப்பிழையோடு அப்படியே பகர்த்துங்கள் (நகலெடுங்கள்); திருத்திய வடிவத்தைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.