அம்மனுக்கு முளைப்பாரி, நமக்குச் சுண்டல்

(அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராம நூலகத்தில், சாயங்காலக் கூட்டத்தில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள். நடுவில் வந்த கேள்விகளையும் விடாமல் தருகிறேன்.)

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. முப்பது வருஷம் உயிரியல் வாத்தியாராக இருந்தவன், அது இல்லாமலேயே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

நம்ம ஊர்க் கோயில் கொடையில் முளைப்பாரி எடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சட்டியில் காய்ந்த சாணத்தூளும் வைக்கோலும் பரப்பி, நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்து, சுற்றி நின்று கும்மியடித்து, வெளிர் மஞ்சளாகத் தளதளவென்று வளர்த்து, தலையில் சுமந்து போய் ஆற்றில் கரைத்துவிட்டு வருகிறோம். அப்பேர்ப்பட்ட ஊரில் வந்து முளைகட்டுவது எப்படி என்று நான் சொல்லிக்கொடுத்தால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மனுக்கு அவ்வளவு பக்குவமாக முளைக்க வைக்கிற நாம், வீட்டில் சிறுபயறை அப்படியே குக்கரில் போட்டு ஐந்து விசில் விடுகிறோமே, ஏன்?

விதையை நம்ம பழைய வீட்டுக் குலுக்கை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தானியம் நிறைய இருக்கும், வாயைப் பூசி மூடியிருக்கும். அந்தச் சேமிப்பு நமக்காக வைத்தது இல்லை, நாளைக்கு வரப்போகிற செடிக்காக வைத்தது. பயறில் இரும்பு, துத்தநாகம் எல்லாம் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் பைட்டிக் அமிலம் என்று ஒன்று அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. நாம் சாப்பிட்டாலும் அதில் பெரும்பங்கு குடலில் சேராமல் வெளியே போய்விடும். பயறைத் தண்ணீரில் போட்டதும் விதை, 'சரி, நேரம் வந்துவிட்டது' என்று விழித்துக்கொண்டு, பைட்டேஸ் என்ற நொதியை வேலைக்கு விடுகிறது. அது அந்த அமிலத்தை உடைக்க உடைக்க, பிடியில் இருந்த இரும்பும் துத்தநாகமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். முளைகட்டினால் இரும்பு புதிதாக ஊறி வந்துவிடாது. எங்கிருந்து வரும்? தண்ணீரிலும் துணியிலும் இரும்பு இல்லையே. ஏற்கெனவே உள்ளதுதான் நம் உடம்புக்குச் சேருகிற மாதிரி ஆகிறது.

புரதக் கணக்கிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காய்ந்த சிறுபயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். சீனச் சாப்பாட்டில் போடுகிறார்களே நீளமான வெள்ளை முளை, அது 100 கிராம் எடுத்தால் 3 கிராம்தான், ஏனென்றால் அதில் 90 பங்கு தண்ணீர். அதனால் 'முளைகட்டினால் புரதம் பத்து மடங்கு' என்று செல்போனில் வருகிறதை நம்ப வேண்டாம். ஒரு கைப்பிடிப் பயறில் இருந்த புரதம் முளைத்த பிறகும் ஏறத்தாழ அதே அளவுதான் இருக்கும், செரிப்பதுதான் இலகு. வயிற்றில் வாயுவைக் கிளப்புகிற ஒருவகைச் சர்க்கரைகள் உண்டு, ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று பெயர். ஊறும்போதும் முளைக்கும்போதும் விதை அவற்றைத் தின்றுவிடும். கொண்டக்கடலை சாப்பிட்டாலே பொருமுகிறது என்கிறவர்கள் முளைகட்டிப் பார்க்கலாம்.

புதிதாகவே உண்டாவது என்று சொல்ல வேண்டுமானால் வைட்டமின் சி. காய்ந்த பயறில் அது பேருக்குத்தான் இருக்கும். இது தெரிய வந்ததற்குப் பின்னால் நம்ம ஆட்களின் கஷ்டம் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில், கூத் என்ற ஊரில் 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் மாட்டிக்கொண்ட படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். காய்கறி கிடையாது. குதிரை இறைச்சியைத் தொட மாட்டோம் என்று பலர் பட்டினி கிடந்தார்கள். வைட்டமின் சி கிடைக்காமல் ஈறு வீங்கி ரத்தம் கசிகிற ஸ்கர்வி நோய் பலரைப் படுக்க வைத்தது. அந்தப் போர்க்காலத்தில் லண்டனில் லிஸ்டர் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரியெட் சிக்கும் டெல்ஃபும், இரண்டு பேருமே பெண்கள், கினிப்பன்றிகளுக்குக் காய்ந்த பயறையும் முளைத்த பயறையும் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ந்தது நோயைத் தடுக்கவில்லை, முளைத்தது தடுத்தது. 1919இல் அதை வெளியிட்டார்கள். அதற்காக முளைப்பயறுதான் சஞ்சீவி என்று போய்விடாதீர்கள். அந்த நீள முளையில் 100 கிராமுக்கு 13 மில்லிகிராம் அளவுதான் வைட்டமின் சி, கொய்யாவில் 200க்கு மேல். கொய்யா மரம் கொல்லையில் நிற்கிறவர்கள் முதலில் அதைப் பறித்துத் தின்னுங்கள்.

'பச்சையாத்தான் திங்கணுமாமே அண்ணாச்சி?' என்று ஒரு மதினி கேட்டார். வேண்டாம் என்பேன், அதுவும் பிள்ளைத்தாச்சிகளும் சின்னப் பிள்ளைகளும் வயசாளிகளும் தொடவே வேண்டாம். ஈரம், கதகதப்பு, இரண்டும் பயறை முளைக்க வைக்கிற மாதிரியே கிருமியையும் பெருக வைக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து ஈ கோலி கிருமி பரவி ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். நம்ம வெயிலைக் கேட்கவே வேண்டாம், சித்திரையில் துணியில் கட்டியது அடுத்த நாள் மத்தியானம் புளித்த வாடை அடிக்கும். இட்லித் தட்டில் வைத்து நன்றாக ஆவி ஏறும்வரை அவித்துத் தாளியுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், போகட்டும், கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சரியாகிவிடும். அந்தப் புளிப்பு இரும்பு சேருவதற்கும் துணை செய்யும். ஆனால் சுண்டலைத் தின்ற கையோடு டீ குடித்தால் இரும்பு சேருவது குறைந்துவிடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

எல்லா விதையையும் முளைக்கப் போடக் கூடாது. கரிசல் பக்கத்தில் மாடு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வயிறு ஊதிச் சாய்ந்துவிடும். அந்த இளங்குருத்தில் சயனைடாக மாறுகிற பொருள் இருக்கிறது, சோள முளையிலும் அதேதான். ராஜ்மா, மொச்சை இரண்டையும் முளைகட்டினாலும் நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். விதைக்கென்று கடையில் வாங்கி வந்து மீந்த விதையைச் சமையலறைக்குக் கொண்டு போகவே போகாதீர்கள், விதைநேர்த்தி மருந்து பூசியிருப்பான். அப்புறம் உடைத்த பருப்பை ஊறப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்களும் உண்டு, யாரென்று சொல்ல மாட்டேன். முழுப்பயறு வேண்டும்.

சிறுபயறு ராத்திரி ஊறினால், காலையில் வடித்துக் கட்டினால், சாயங்காலம் முளை எட்டிப் பார்க்கும். காணத்துக்கு, அதாவது கொள்ளுக்கு, இன்னும் ஒரு நாள் விடுங்கள். துணியை நன்றாக அலசிக் காயவைத்திருக்க வேண்டும், பயறை நடுவில் ஒரு தடவை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கேப்பை. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ள தானியம், ஆனால் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினால் பசை மாதிரி இறுகிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் வயிறு தண்ணீரால்தான் நிறையும். எங்கள் ஆச்சி முளைகட்டிய கேப்பையை நிழலில் உலர்த்தி, வேரைத் தேய்த்துப் புடைத்து, லேசாக வறுத்துத் திரித்து வைத்திருப்பாள். கெட்டிக் கஞ்சி கொஞ்சம் ஆறினதும் அந்த மாவில் ஒரு கரண்டி போட்டுக் கிண்டுவாள். ஐந்து நிமிஷத்தில் கஞ்சி இளகி ஓடும். மறுபடி ஒரு கொதி விட்டுக் கருப்பட்டி சேர்ப்பாள். முளையில் இருக்கிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிவிட்டது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாவின் அளவு குறையாமலே பிள்ளை குடிக்கிற பதம் வந்துவிடுகிறது பாருங்கள்! கருக வறுத்தால் இந்த வித்தை நடக்காது, அமைலேஸ் செத்துப்போகும். காயவைத்த மாவில் வைட்டமின் சியும் தேடாதீர்கள்.

பின்னால் ஆச்சி ஒருத்தி கை தூக்குகிறாள். 'பல்லு இல்லாதவ என்னத்தத் திங்க?' நல்ல கேள்வி. குழைய அவித்து, மசித்து, இஞ்சி தட்டிப் போட்டு ரசம் மாதிரிக் குடியுங்கள் ஆச்சி.

மேசை மேல் இருக்கிற சட்டியில் சிறுபயறுச் சுண்டல், என் வீட்டுக்காரி அவித்தது. வாசலில் டீத் தூக்கு வந்து நிற்பதும் எனக்குத் தெரிகிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்று சற்று முன்னால் சொன்னது நான்தான். ஆறின டீயை எவன் குடிப்பான்? தம்பி, எனக்கு அரைச் சீனி.