அரசிதழைக் காட்டச் சொல்லுங்கள்

(சென்னை மண்ணடியில் லாரி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் கூடிய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, லாரித் தொழிலை நம்பி வாழும் தோழர்களே, வணக்கம்.

போன வாரம் ஓர் ஓட்டுநர் அலுவலகத்துக்கு வந்தார். விருதுநகரிலிருந்து பருப்பு மூட்டை ஏற்றி வந்தவர். தெருமுனையில் போலீஸார் நிறுத்தி, கனரக வாகனங்களுக்குத் தடை நேரம் என்று அபராதச் சலான் போட்டுவிட்டார்கள். "பலகை எங்கே?" என்று கேட்டேன். செல்போனில் படத்தைக் காட்டினார். பலகை இருந்தது. அதன்மேல் காதணி விழா போஸ்டர் ஒட்டியிருந்தது. சிவப்பு வட்டத்தின் ஓர் ஓரமும் "ரக" என்ற இரண்டு எழுத்தும்தான் வெளியே தெரிந்தன. இரவு முழுவதும் கண்விழித்து வண்டி ஓட்டியவர் அதை எப்படிப் படிப்பார்?

தடையே போடக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. பள்ளி விடும் நேரத்தில் பதினாறு டயர் வண்டி சந்துக்குள் வரக் கூடாது என்று சொன்னால் அது நியாயம். உங்கள் பிள்ளைகளும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள். அதிகாரிகளிடம் நான் கேட்பது, சட்டம் சொன்ன வழியில் தடை போட்டீர்களா என்பதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 115-ஆம் பிரிவை மனப்பாடம் செய்யுங்கள். வாகனங்களைத் தடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. அரசு அதிகாரம் அளித்த அலுவலருக்கும் உண்டு. ஆனால் பொதுமக்களின் பாதுகாப்போ வசதியோ, சாலை அல்லது பாலத்தின் தன்மையோ காரணமாக இருக்க வேண்டும். அரசிதழில் அறிவிக்க வேண்டும். உரிய இடங்களில் பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை. அதற்கும் உள்ளூரில் விளம்பரம் செய்தாக வேண்டும். அப்படியானால், மாதக்கணக்கில் நீளும் தடைக்கு வாய்மொழி உத்தரவு எப்படிப் போதும்?

சாலை யாருடையது என்ற கேள்விக்கு நம் சென்னை உயர் நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. தென்காசியைச் சேர்ந்த ஒரு மோட்டார் சர்வீஸ் தொடுத்த வழக்கு அது. சாலைகள் அரசின் வசம் இருந்தாலும், மக்களுக்காக அவற்றைக் காக்கும் அறங்காவலர்தான் அரசு என்றது தீர்ப்பு. 1954-இல் சகீர் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று எடுத்தாண்டது. தென்காசியில் பஸ் ஓட்டியவர்களின் வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டத்தில் வணிகச் சுதந்திரம் தரும் 301-ஆவது பிரிவை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அந்தச் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் வாதம் அதே அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் நிற்கட்டும்: தொழில் செய்யும் உரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது நியாயமானதாக இருக்க வேண்டும். பகலெல்லாம் தடுத்துவிட்டு, காத்திருக்க இடமும் காட்டாவிட்டால், எண்ணூர் சாலை ஓரத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கும் கிளீனர் பையன் எங்கே போவான்? அவனுக்குக் கழிப்பறை எங்கே? இந்தக் கேள்விகளை மனுவில் எழுதுங்கள்.

வழக்குக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடுங்கள்: எந்தத் தெருவுக்கு, எந்தத் தேதியில், எந்த அரசிதழில் தடை அறிவிக்கப்பட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும். பதிலையும் சலானையும் பலகையின் படத்தையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவை நான் எழுதித் தருகிறேன்.