6 வாட் லேப்டாப் சிப், 360 வாட் சர்வர் சிப்: வீட்டுக்கு எது?

வணக்கம் மக்களே, மதுரை செல்லூரிலிருந்து பேசுகிறேன். கல்லூரி சேரும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது ஒரே பேச்சு, எந்த லேப்டாப் வாங்குவது என்பதுதான். எங்கள் தெருத் தம்பி ஒருவர், பொறியியல் சேரப் போகிறவர், என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணே, சர்வர்ல போடுற பிராசசர் ஒண்ண வாங்கி வீட்டுல வச்சுட்டா நாலு வருசத்துக்குக் கவலையே இல்லைல்ல?" நல்ல கேள்வி. சர்வர் என்பது ஒரே நேரத்தில் பல பேருக்கு வேலை செய்துகொடுக்கிற பெரிய கணினி; பிராசசர், அதாவது சிப், கணினியின் மூளை. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சிப்பை எடுத்துக்கொள்வோம். ஒன்று இன்டெல் என்100. 2023 ஜனவரியில் வந்தது. விலை குறைந்த லேப்டாப்களிலும் உள்ளங்கை அளவு மினி பிசிக்களிலும் இருப்பது இதுதான். 4 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகள்), 6 வாட். இன்னொன்று ஏஎம்டி எபிக் 9654. 2022 நவம்பரில் வந்தது. 96 கோர், 192 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்), 360 வாட். அறிமுக விலை 11,805 டாலர், நம் காசில் 9 லட்சத்துக்கு மேல். அது சிப்புக்கு மட்டும். போர்டு, ரேம், பவர் சப்ளை எல்லாம் தனி.

இப்போது வேகத்தைப் பாருங்கள். என்100 அதிகபட்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 340 கோடி கடிகாரத் துடிப்பு வரை போகும். எபிக் 3.7 வரை. அவ்வளவுதான் வித்தியாசம்! எபிக்கின் ஒரு கோர் ஒரு கடிகாரத் துடிப்பில் கூடுதல் வேலையை முடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஏவிஎக்ஸ்-512 மாதிரி கனமான கணக்குக் கட்டளைகளும் அதில் உண்டு, என்100-இல் கிடையாது. ஆனாலும் 9 லட்சம் ரூபாய்க்கு உங்கள் பிரவுசர் பல மடங்கு வேகமாகத் திறக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு பரோட்டா கல்லில் வேகிற நேரம், கடையில் எத்தனை மாஸ்டர் நின்றாலும் மாறாது. ஆயிரம் பரோட்டா வேண்டும் என்கிறபோதுதான் 96 பேருக்கு வேலை வரும்.

இதை 1967-லேயே ஜீன் ஆம்டால் என்கிற கணினி வடிவமைப்பாளர் கணக்காக எடுத்துச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்கவே முடியாதது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கோர் போட்டால் சுமார் 3 மடங்கு வேகம் கிடைக்கும். 96 கோர் போட்டால்? சுமார் 9 மடங்குதான். கோர் 24 மடங்கு கூடியது, பலன் 3 மடங்குதான் கூடியது. கல்லூரி மாணவர் அன்றாடம் ஓட்டுகிற நிரல்களில் பிரிக்க முடியாத பங்கு இதைவிட அதிகமாகவே இருக்கும்.

அப்புறம் கரண்ட். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. 360-ஐ 6-ஆல் வகுத்தால் 60. அதாவது அந்தச் சர்வர் சிப் முழுச் சுமையில் ஒரு நாளில் குடிக்கிற மின்சாரம், இந்தச் சின்ன சிப்புக்கு 60 நாளுக்கு வரும். நம் இபி பில்லும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே! என்100 இரவு பகலாக ஓடினாலும் அந்த இரண்டு மாதத்தில் 9 யூனிட்கூட வராது, இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். எபிக் அப்படி ஓடினால் சிப் மட்டும் 518 யூனிட். 500-ஐத் தாண்டினால் கட்டணம் எப்படி ஏறும் என்று வீட்டில் பில் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று, இந்த வாட் என்பது சிப்பைக் குளிர்விக்கும் ஏற்பாட்டுக்காக நிறுவனம் சொல்கிற அளவு. சும்மா இருக்கும்போது இரண்டுமே இதைவிடக் குறைவாக எடுக்கும். என்100-ஐ 6 வாட்டுக்கு மேல் ஓடவிடுகிற மினி பிசிக்களும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் இதனால் பெரிதாகக் குறையாது.

குடிக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் பத்தில் ஒரு பங்கை இந்த ஒரு சிப்பே தின்றுவிடும். சித்திரை வெயிலில் நம் ஊரில் இதை ஒரு படுக்கையறையில் வைப்பது நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். அதன் ஃபேன் சத்தம் வேறு.

சரி, அப்படியென்றால் பெரிய சிப் வீணா? இல்லவே இல்லை. அதன் அழகு ரேம் பக்கம் இருக்கிறது. என்100-க்கு ஒரே ஒரு மெமரி சேனல், அதாவது சிப்புக்கும் ரேமுக்கும் நடுவில் தரவு ஓடுகிற பாதை. எபிக்குக்கு 12. டிடிஆர்5-4800 ரக ரேம் போட்டால் முதலாவதுக்கு நொடிக்கு 38.4 ஜிபி, இரண்டாவதுக்கு 460.8 ஜிபி. அதை கோர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சின்னதில் ஒரு கோருக்கு 9.6 ஜிபி, பெரியதில் 4.8 ஜிபிதான்! தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் சின்னதுதான் வசதியானது. அதனால்தான் எபிக்குக்குள் 384 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம்) வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு கோரும் அடிக்கடி ரேமுக்கு ஓடாமல் இருக்க. என்100-இல் மொத்தமே 6 எம்பி. ஒரு சிப்புக்கு 6 டிபி வரை ரேம், ரேமில் பிழை திருத்தும் ஈசிசி, டிஸ்க், கார்டு எல்லாம் இணைக்க 128 பிசிஐஇ தடங்கள் எல்லாம் எதற்கு? ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் எடுக்கும்போது, பணம் அனுப்பும்போது, ஒரு பிட்கூடப் புரளாமல் வருடக்கணக்கில் ஓடுவதற்கு. அந்த வேலைக்கு என்100 நூறை அடுக்கினாலும் ஈடாகாது.

தம்பி உண்மையில் பார்த்து வைத்திருந்தது இன்டெல்லின் பழைய சர்வர் சிப்பான ஜியான் ஒன்று, ஈ5-2680 வி4. 2016-இல் வந்தது, 14 கோர், 120 வாட். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்பது ஆசையைத் தூண்டும்தான். ஆனால் அதில் திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் பகுதி கிடையாது, தனி கார்டு வாங்கியாக வேண்டும். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அது இல்லை. என்100-இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, ஏவி1 என்கிற புதிய வகை வீடியோவைக்கூட சிரமமில்லாமல் ஓட்டும்.

என் கருத்து இது. நோட்ஸ், பைத்தான், வகுப்பு வீடியோ, சின்ன ப்ராஜெக்ட் என்றால் என்100 போதும். ஆனால் ரேம் போர்டிலேயே ஒட்டியதா, மாற்ற முடியுமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒட்டிய 4 ஜிபி என்றால் வேண்டவே வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ (மொபைல் ஆப் எழுதுகிற மென்பொருள்), கேட் (பொறியியல் வரைபடம் போடுகிற மென்பொருள்) என்றால் இரண்டு மெமரி சேனல் உள்ள நடுத்தர லேப்டாப்புக்குப் போங்கள். 96 கோர் வேண்டிய வேலை எப்போதாவது வந்தால், கிளவுடில், அதாவது இணையம் வழியாக வேறு நிறுவனத்தின் சர்வரை, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் மெஷினை நிறுத்துங்கள், டிஸ்க்கையும் அழியுங்கள். நிறுத்தின பிறகும் டிஸ்க்குக்குத் தனியாகக் காசு ஓடும்.