ஈசியூவைக் குறை சொல்லுமுன்

நேயர்களுக்கு வணக்கம். தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வயதான புரோட்டோன், பெரோடுவா கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. திடீரென ஒரு நாள் ஸ்டார்ட்டர் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. ஒர்க்‌ஷாப்பில், "ஈசியூ போச்சு, மாத்தணும்" என்பார்கள். ஈசியூ என்பது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. அது போயிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கெட்டிருப்பது ஈசியூவுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ரிலேயோ வயரோதான். ரிலே என்பது சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்; அதன் விலை சில பத்து வெள்ளி. ஈசியூவுக்கு நூறுகளில் கேட்பார்கள்.

முதலில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். பல கார்களில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகிவிட்டு நிற்கும். விளக்கும் இல்லை, முனகலும் இல்லை என்றால் மெயின் ரிலே (ஈசியூவுக்குக் கரண்ட் கொடுப்பது), பியூஸ், எர்த் (காரின் உடம்போடு சேரும் நெகட்டிவ் வயர்) மூன்றையும் சந்தேகப்படுங்கள். பேட்டரியையும் அளந்துவிடுங்கள்: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது.

பல ரிலேக்களின் அடியில் இந்த எண்கள் இருக்கும். 85, 86 காயிலுக்கு, அதாவது உள்ளே சுவிட்சை இழுக்கும் கம்பிச் சுருளுக்கு. 30-இல் பேட்டரி கரண்ட் வரும், 87 வழியாக வெளியே போகும். காயிலை மல்டிமீட்டரால் அளந்தால் சுமார் 50 முதல் 120 ஓம் காட்ட வேண்டும். டக்கென்று சத்தம் கேட்டால் ரிலே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கரண்ட்டைக் கடத்தும் காண்டாக்ட் முனை கருகியிருந்தாலும் சத்தம் வரும். இஞ்சின் பிடித்து ஓடும் நேரமாகப் பார்த்து, மீட்டரின் ஒரு முனையை 30-இலும் மற்றதை 87-இலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காண்டாக்ட் தேய்கிறது. அரை வோல்ட் என்றால் ரிலேயைத் தூக்கிப் போடுங்கள். வெயிலில் நின்ற கார் பிடிக்காமல், சூடு தணிந்ததும் பிடித்தால், ரிலேக்குள் ஈயப்பற்று வெடித்திருக்கலாம். பழைய ஹோண்டாக்களின் மெயின் ரிலேயில் இது பேர்போன கோளாறு.

ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல யோசனைதான், இரண்டும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் மட்டும். சில ரிலேக்களுக்குள், கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இருக்கும். காயில் முனைகள் தலைகீழானால் அது ஷார்ட் ஆகி, ரிலேயை இழுக்கும் ஈசியூ ட்ரான்சிஸ்டரையும் பதம் பார்த்துவிடும்.

இனி வயர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டே இழுப்பதில்லை. சுமை கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஈசியூ சாக்கெட்டை உருவுங்கள். ரிலே குழியில் 30-ஐயும் 87-ஐயும் 15 ஆம்பியர் பியூஸ் வைத்த வயரால் இணைத்து, நெகட்டிவை மறுபடி மாட்டுங்கள். சிக்னல் லைட்டின் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, சாக்கெட்டின் கரண்ட் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வையுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் வழியில் எங்கோ வயர் அரித்திருக்கிறது. எர்த் முனைகளுக்கு பல்பின் மறுமுனை பேட்டரி பாசிட்டிவில். எந்த முனை எது என்பதை உங்கள் மாடலுக்கான வயரிங் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சென்சார் முனையில் இந்த பல்பை வைத்தால், பிறகு நிஜமாகவே ஈசியூ வாங்க வேண்டியதுதான்.

அரிப்பு எங்கே இருக்கும்? பேட்டரிக்கு அடியில், எர்த் போல்ட்டில், அலாரமும் ஆம்ப்ளிஃபையரும் போட்ட கடைக்காரர் வயரைச் சீவிக் கறுப்பு டேப் சுற்றிய இடத்தில். நம் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகும், மழைநீர் உள்ளே போகும், செம்பு பச்சை பூக்கும். அப்புறம் எலி. எலிக்காகச் செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைக்கூடு கட்டி வைத்திருக்கிறார்கள். பானெட்டுக்குள் அந்த ஆந்தை வருவதில்லை. இஞ்சின் ஓடும்போது வயர்க்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இஞ்சின் தடுமாறுகிறதோ அங்கே பிரியுங்கள். ஊசி குத்திச் சோதிக்க வேண்டாம், அந்த ஓட்டையே அடுத்த அரிப்புக்கு வாசல்.

ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் கோளாறு காட்டினால் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். பல சென்சார்களுக்கும் பொதுவாக ஈசியூ தரும் 5 வோல்ட் எங்கோ எர்த்தில் இடித்திருக்கலாம். சென்சார் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, கோளாறு அந்தச் சென்சாரில் அல்லது அதன் வயரில்.

ஒட்டுப்போடும்போது அதே பருமன் வயர், ஈயப்பற்று, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய். பக்கத்து வயர்களின் ஒட்டு ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வெட்டுங்கள். 15 ஆம்பியர் பியூஸ் எரிகிறதென்று 30 போடாதீர்கள், அடுத்து எரிவது வயர்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால் ஈசியூவைத் திறந்து பாருங்கள். 90-களின் மிட்சுபிஷி வகைப் பெட்டிகளில் கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரித்திருக்கலாம்; ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிப் பிழைக்க வைக்கலாம். மாற்றியே ஆகவேண்டும் என்றால், இம்மொபைலைசர் (சரியான சாவி இல்லாமல் இஞ்சினைப் பிடிக்க விடாத பூட்டு) உள்ள காருக்கு, பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொட்டோங் கடையில் ஈசியூவை மட்டும் வாங்காதீர்கள். அதே காரின் சாவியையும் இம்மொபைலைசர் பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், புதிதாக சாவியைப் பதிவு செய்து தருபவர் யார் என்று விசாரித்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.